சுவிட்ச் மீளமைப்பில் பழைய விலான் அமைவுகளை நீக்குதல்

சுவிட்ச் மீளமைப்பில் விலான் அமைவுகளை நீக்குதல் என்பது, ஏற்கெனவே பயன்பாட்டில் இருந்த பிணையச் சுவிட்ச் ஒன்றை வேறு இடத்திலோ வேறு பணிக்கோ பயன்படுத்தும் முன், அதில் தங்கியிருக்கும் மெய்நிகர் உள்ளகப் பிணையங்களின் பட்டியலை அழித்து, அதைத் தொழிற்சாலையிலிருந்து வந்த நிலைக்குக் கொண்டுவரும் செயலாகும். மெய்நிகர் உள்ளகப் பிணையம் சுருக்கமாக விலான் எனப்படுகிறது. சிஸ்கோ நிறுவனத்தின் கேட்டலிஸ்ட் வகைச் சுவிட்ச்களில் இது தனியாகச் செய்யவேண்டிய பணியாக உள்ளது. இவற்றில் சுவிட்ச்சின் பொது அமைவு ஒரு கோப்பிலும் விலான் பட்டியல் வேறொரு கோப்பிலும் சேமிக்கப்படுகின்றன. முதல் கோப்பை மட்டும் அழித்தால் இரண்டாவது அப்படியே இருக்கும்.

இவ்வாறு எஞ்சும் பட்டியல் ஆய்வகத்தில் பயிற்சியின் முடிவைக் குழப்பக்கூடும். இயங்கிக்கொண்டிருக்கும் பிணையத்தில் அது நிறுவனம் முழுவதன் இணைப்பையும் துண்டிக்கும் அளவுக்குக் கேடு விளைவிக்கக்கூடும். எனவே பழைய சுவிட்ச் ஒன்றைப் பிணையத்தில் இணைக்கும் முன் இரண்டு கோப்புகளும் நீங்கியுள்ளனவா என்று உறுதி செய்வது பிணைய நிருவாகத்தின் அடிப்படை ஒழுங்குகளுள் ஒன்றாகக் கருதப்படுகிறது.

பின்னணி

சாதாரணச் சுவிட்ச் ஒன்றில் இணைக்கப்பட்ட எல்லாக் கணினிகளும் ஒரே ஒலிபரப்புக் களத்தில் இருக்கும். ஒரு கணினி அனுப்பும் ஒலிபரப்புச் செய்தி மற்ற எல்லாவற்றையும் சென்றடையும். ஒரே சுவிட்ச்சைப் பல தனித்தனிப் பிணையங்களாகப் பிரித்துப் பயன்படுத்த விலான் உதவுகிறது. கணக்குப் பிரிவுக்கு 10, மாணவர் ஆய்வகத்துக்கு 20, தொலைபேசிகளுக்கு 30, கண்காணிப்புக் கேமராக்களுக்கு 40 என ஒவ்வொரு பிரிவுக்கும் ஓர் எண் தரப்படுகிறது. ஒரு விலானில் உள்ள கருவி மற்றொரு விலானில் உள்ள கருவியுடன் ரூட்டர் அல்லது மூன்றாம் அடுக்குச் சுவிட்ச் வழியாக மட்டுமே பேச முடியும்.

விலான்களுக்கான பொதுத் தரம் ஐ.இ.இ.இ. 802.1கியூ ஆகும். இது 1998இல் வெளியானது. இத்தரத்தின்படி ஈதர்நெட் சட்டகத்தில் 4 பைட் அளவுள்ள குறிச்சொல் ஒன்று சேர்க்கப்படுகிறது. அதில் 12 பிட்கள் விலான் எண்ணுக்கு உரியவை. 0, 4095 ஆகிய இரண்டும் ஒதுக்கப்பட்டுள்ளதால் 1 முதல் 4094 வரையிலான எண்களைப் பயன்படுத்தலாம். சிஸ்கோ சுவிட்ச்களில் 1 முதல் 1005 வரை இயல்பு வரம்பு என்றும், 1006 முதல் 4094 வரை நீட்டிப்பு வரம்பு என்றும் பிரிக்கப்பட்டுள்ளன. புதிய சுவிட்ச்சில் 1, 1002, 1003, 1004, 1005 ஆகிய ஐந்து விலான்கள் மட்டுமே இருக்கும். 1002 முதல் 1005 வரையுள்ளவை டோக்கன் ரிங், எஃப்டிடிஐ என்னும் பழைய பிணைய வகைகளுக்காக ஒதுக்கப்பட்டவை. இந்த ஐந்தையும் நீக்க முடியாது.

பல விலான்களின் போக்குவரத்தை ஒரே கம்பியில் கொண்டுசெல்லும் இணைப்பு டிரங்க் எனப்படுகிறது. ஒரே ஒரு விலானைச் சேர்ந்த கணினி, அச்சுப்பொறி போன்றவை இணைக்கப்படும் போர்ட் அணுகல் போர்ட் எனப்படுகிறது.

அமைவுகள் சேமிக்கப்படும் இடங்கள்

கேட்டலிஸ்ட் சுவிட்ச்சில் அமைவு தொடர்பான விவரங்கள் மூன்று இடங்களில் உள்ளன.

1. நடப்பு அமைவு: சுவிட்ச் இயங்கும்போது முதன்மை நினைவகத்தில் இருப்பது. மின்சாரம் நின்றால் அழிந்துவிடும்.

2. தொடக்க அமைவு: 'ஸ்டார்ட்அப்-கான்ஃபிக்' எனப்படுவது. மின்சாரம் நின்றாலும் அழியாத என்விராம் நினைவகத்தில் இருப்பது. சுவிட்ச்சின் பெயர், கடவுச்சொற்கள், ஒவ்வொரு போர்ட்டும் எந்த விலானைச் சேர்ந்தது என்பன போன்றவை இதில் உள்ளன. 2960, 3560, 3750 போன்ற மாதிரிகளில் இது ஃபிளாஷ் நினைவகத்தில் 'கான்ஃபிக்.டெக்ஸ்ட்' என்ற கோப்பாக இருக்கும்.

3. விலான் தரவுத்தளம்: ஃபிளாஷ் நினைவகத்தில் 'விலான்.டாட்' என்ற பெயரில் உள்ள கோப்பு. இயல்பு வரம்பிலுள்ள விலான்களின் எண்கள், பெயர்கள், விடிபி எனப்படும் நெறிமுறையின் களப்பெயர், பயன்முறை, கடவுச்சொல், திருத்த எண் ஆகியவை இதில் உள்ளன. இது இரும வடிவக் கோப்பு என்பதால் உரைக்கோப்பைப் போலத் திறந்து படிக்க முடியாது.

ஒரு விலானை உருவாக்குவதும் ஒரு போர்ட்டை அதில் சேர்ப்பதும் வெவ்வேறு இடங்களில் பதிவாகின்றன என்பது இங்கே கவனிக்கத்தக்கது. விலான் 20 இருக்கிறது என்ற செய்தி விலான்.டாட் கோப்பில் இருக்கும். 5ஆம் போர்ட் விலான் 20ஐச் சேர்ந்தது என்ற செய்தி தொடக்க அமைவில் இருக்கும். நடப்பு அமைவைச் சேமிக்க நிருவாகி தனியாகக் கட்டளை தரவேண்டும். விலான்.டாட் கோப்பு அப்படியன்று. விலான் உருவாக்கப்பட்டதும் அது தானாகவே எழுதப்பட்டுவிடும்.

விடிபி 'டிரான்ஸ்பரன்ட்' பயன்முறையில் உள்ள சுவிட்ச்களில் விலான் விவரங்கள் விலான்.டாட் கோப்பில் மட்டுமன்றி அமைவுக் கோப்பிலும் எழுதப்படுகின்றன. சுவிட்ச் தொடங்கும்போது, தொடக்க அமைவில் டிரான்ஸ்பரன்ட் பயன்முறை குறிக்கப்பட்டு, அதிலுள்ள களப்பெயரும் விலான் தரவுத்தளமும் விலான்.டாட் கோப்புடன் ஒத்திருந்தால், தொடக்க அமைவிலுள்ள விவரமே எடுத்துக்கொள்ளப்படும். பயன்முறையோ களப்பெயரோ வேறுபட்டால் விலான்.டாட் கோப்பிலுள்ளதே எடுத்துக்கொள்ளப்படும். தொடக்க அமைவு அழிக்கப்பட்ட சுவிட்ச்சில் ஒப்பிட எதுவும் இல்லை என்பதால் விலான்.டாட் கோப்பு முழுமையாக நடைமுறைக்கு வருகிறது.

பழைய விலான்கள் கண்ணில் படாமல் இருப்பதற்கான காரணம்

தொடக்க அமைவை அழித்து மறுதொடக்கம் செய்த சுவிட்ச் பார்வைக்குப் புதியது போலவே இருக்கும். அதன் பெயர் 'சுவிட்ச்' என மாறியிருக்கும். கடவுச்சொல் கேட்காது. முதல்முறை அமைவுக்கான உரையாடல் திரையில் தோன்றும். போர்ட்களின் விலான் உறுப்புரிமை தொடக்க அமைவுடன் சேர்ந்து அழிந்துவிடுவதால் எல்லாப் போர்ட்களும் விலான் 1க்குத் திரும்பியிருக்கும். எந்தப் போர்ட்டில் எந்தக் கணினியை இணைத்தாலும் இணைப்பு கிடைக்கும். இந்த நிலையில் மீளமைப்பு முடிந்துவிட்டது என்று கருதுவது இயல்பே. பழைய விலான்கள் உறுப்பினர் இல்லாத வெற்றுப் பெயர்களாகப் பட்டியலில் மட்டும் இருக்கும். பட்டியலைக் காட்டும் கட்டளையைத் தந்து பார்த்தால்தான் அவை தெரியவரும்.

பயிற்சி ஆய்வகங்களில் இதனால் நேரும் குழப்பம் வேறு வகையானது. மூன்று சுவிட்ச்கள் வரிசையாக டிரங்க் வழியே இணைக்கப்பட்டுள்ளன எனக் கொள்வோம். இரு முனைகளிலும் விலான் 20ஐ உருவாக்கிய மாணவர், நடுச் சுவிட்ச்சில் உருவாக்க மறந்துவிடுகிறார். நடுவில் விலான் 20 இல்லாவிட்டால் அதன் சட்டகங்கள் கடந்துசெல்லா. சோதனை தோல்வியடைய வேண்டும். ஆனால் முந்தைய வகுப்பினர் உருவாக்கிய விலான் 20 நடுச் சுவிட்ச்சில் எஞ்சியிருந்தால் சோதனை வெற்றி பெறும். செய்முறையில் ஒரு படி விடுபட்டதை அந்த மாணவர் அறியமாட்டார். தேர்வு நாளில் தூய்மையான சுவிட்ச்சில் அதே செய்முறை பலனளிக்காதபோது காரணம் புரியாமல் திகைப்பார். ஆய்வகப் பயிற்சிகள் பலவற்றில் சுவிட்ச்சைத் தூய்மைப்படுத்துவது முதற் படியாக வைக்கப்படுவதற்கு இதுவே காரணம்.

விடிபி நெறிமுறையும் திருத்த எண்ணும்

ஆய்வகத்தில் இது சிறு குழப்பம் மட்டுமே. இயங்கும் பிணையத்தில் பெரும் விபத்தாக மாறுவதற்குக் காரணம் விலான் டிரங்கிங் புரோட்டோகால் என்னும் விடிபி ஆகும். இது சிஸ்கோவின் சொந்த நெறிமுறை. பல சுவிட்ச்கள் உள்ள பிணையத்தில் ஒவ்வொன்றிலும் தனித்தனியாக விலான்களை உருவாக்கும் வேலையைத் தவிர்ப்பது இதன் நோக்கம். ஒரு சுவிட்ச்சில் விலானை உருவாக்கினால், அதே களப்பெயர் கொண்ட மற்றச் சுவிட்ச்களுக்கும் டிரங்க் இணைப்புகள் வழியாக அது பரவும்.

சேவையகம், வாங்கி, டிரான்ஸ்பரன்ட் ஆகியவை விடிபியின் முதன்மையான பயன்முறைகள். சேவையகத்தில் விலான்களை உருவாக்கவும் நீக்கவும் முடியும். வாங்கி பிறவற்றிடமிருந்து பெற்றுக்கொள்ளும். தன்னிடம் உருவாக்க முடியாது. டிரான்ஸ்பரன்ட் பயன்முறையில் உள்ளது பிறவற்றின் பட்டியலை ஏற்பதில்லை; தனக்கென்று விலான்களை வைத்துக்கொள்ளும். 2960 போன்ற கேட்டலிஸ்ட் மாதிரிகளில் சேவையகப் பயன்முறையே இயல்பாக அமைந்திருக்கும்.

எந்தப் பட்டியல் புதியது என்பதை முடிவு செய்யத் திருத்த எண் பயன்படுகிறது. இது 0இல் தொடங்கும். சேவையகத்தில் விலான் ஒன்றைச் சேர்த்தாலும் நீக்கினாலும் பெயர் மாற்றினாலும் 1 கூடும். மாற்றம் நிகழும்போதும், மாற்றம் இல்லாவிட்டாலும் 300 வினாடிகளுக்கு ஒருமுறையும், சுவிட்ச்கள் தம் களப்பெயரையும் திருத்த எண்ணையும் அறிவிக்கின்றன. தன்னிடம் உள்ளதைவிட உயர்ந்த எண் கொண்ட அறிவிப்பைப் பெறும் சுவிட்ச் அந்தப் பட்டியலைக் கேட்டுப் பெறுகிறது. பெற்ற பட்டியலை அது தன் பட்டியலுடன் சேர்ப்பதில்லை. தன் பட்டியலை முழுவதும் தூக்கி எறிந்துவிட்டுப் புதியதை வைத்துக்கொள்கிறது. உயர்ந்த எண் உள்ள பட்டியல் உண்மையிலேயே புதியதா, சரியானதா என்று விடிபி ஆராய்வதில்லை.

எடுத்துக்காட்டாக, ஒரு கல்லூரி வளாகத்தில் 25 சுவிட்ச்கள் ஒரே விடிபி களத்தில் உள்ளன எனக் கொள்வோம். அதன் திருத்த எண் 42. அதே களத்தில் முன்பு இருந்த சுவிட்ச் ஒன்று கழற்றப்பட்டுப் பயிற்சிக்குத் தரப்படுகிறது. மாணவர்கள் அதில் பலமுறை விலான்களை உருவாக்கி அழிக்கின்றனர். திருத்த எண் 97ஐ எட்டுகிறது. ஓராண்டு கழித்து வளாகத்தில் ஒரு சுவிட்ச் பழுதாகிறது. பயிற்சிச் சுவிட்ச்சின் தொடக்க அமைவை மட்டும் அழித்து, அதை அந்த இடத்தில் பொருத்துகின்றனர். களப்பெயர் அதேதான், எண் 97. சில நொடிகளில் மற்ற 24 சுவிட்ச்களும் தம் பட்டியலைக் கைவிட்டுப் பயிற்சிப் பட்டியலை ஏற்கின்றன. கணக்குப் பிரிவின் விலான், தொலைபேசி விலான், கேமரா விலான் அனைத்தும் ஒரே நேரத்தில் மறைகின்றன.

ஒரு விலான் நீக்கப்பட்டால் அதைச் சேர்ந்த போர்ட்கள் தாமாக விலான் 1க்குத் திரும்புவதில்லை. அவை செயலற்ற நிலைக்குச் செல்கின்றன. கம்பி இணைந்திருந்தும் தரவு செல்லாது. சுவிட்ச்களைத் தொலைவிலிருந்து நிருவகிப்பதற்கென்று ஒரு விலான் வைக்கப்பட்டு, அதுவும் நீங்கிவிட்டால், நிருவாகியால் தன் மேசையிலிருந்து எந்தச் சுவிட்ச்சையும் அணுக முடியாது. கன்சோல் கம்பியுடன் கட்டடம் கட்டடமாகச் செல்ல நேரிடும்.

விபத்து நேர்வதற்கான நிபந்தனைகள்

பழைய சுவிட்ச் எதை இணைத்தாலும் இவ்விபத்து நேரும் என்று பரவலாகச் சொல்லப்படுவது முழுமையாகச் சரியன்று. விடிபியின் முதல் இரண்டு பதிப்புகளில் பின்வரும் நிபந்தனைகள் ஒருங்கே அமையவேண்டும்.

- இணைக்கப்படும் சுவிட்ச்சுக்கும் பிணையத்துக்கும் இடையே டிரங்க் இணைப்பு ஏற்படவேண்டும். அணுகல் போர்ட் வழியாக விடிபி அறிவிப்புகள் செல்வதில்லை.
- இரண்டின் களப்பெயரும் ஒன்றாக இருக்கவேண்டும். கடவுச்சொல் வைக்கப்பட்டிருந்தால் அதுவும் ஒத்திருக்கவேண்டும்.
- இணைக்கப்படும் சுவிட்ச்சின் திருத்த எண் உயர்ந்ததாக இருக்கவேண்டும்.

முதல் நிபந்தனை தானாகவே நிறைவேறக்கூடும். 2950 போன்ற பழைய மாதிரிகளில் எதிர்முனையுடன் பேசி டிரங்க்கைத் தானே ஏற்படுத்திக்கொள்ள முனையும் அமைப்பு இயல்பாகவே இயக்கப்பட்டிருக்கும். இரண்டாவது நிபந்தனை, அதே நிறுவனத்தில் பயன்பட்ட சுவிட்ச் திரும்ப வரும்போது நிறைவேறுகிறது. களப்பெயரும் கடவுச்சொல்லும் விலான்.டாட் கோப்பில் அப்படியே இருக்கும். எனவே வெளியில் வாங்கிய பழைய சுவிட்ச்சைவிட, சொந்தக் கிடங்கிலிருந்து எடுத்த சுவிட்ச்சே அதிக ஆபத்துடையது.

இணைக்கப்படும் சுவிட்ச்சை வாங்கிப் பயன்முறையில் வைத்தால் போதும் என்ற கருத்தும் தவறானது. வாங்கியில் விலான்களை உருவாக்க முடியாது என்றாலும், தன்னிடமுள்ள பட்டியலை அது அறிவிக்கும். அதன் எண் உயர்ந்ததாக இருந்தால் சேவையகங்களும் அதை ஏற்றுக்கொள்ளும்.

நீக்கும் முறை

கீழே உள்ளவை 2960, 3560 போன்ற தனித்து இயங்கும் கேட்டலிஸ்ட் சுவிட்ச்களுக்குப் பொருந்தும். கட்டளைகளின் ஒலிப்பு தமிழில் தரப்பட்டுள்ளது.

முன்னேற்பாடு

முதலில் சுவிட்ச்சிலிருந்து எல்லாப் பிணையக் கம்பிகளையும் கழற்றிவிடவேண்டும். டிரங்க் இணைந்த நிலையில் விலான்.டாட் கோப்பை அழித்து மறுதொடக்கம் செய்தால், களப்பெயர் ஏதும் இல்லாத சுவிட்ச் அருகிலுள்ள சுவிட்ச்சின் களப்பெயரையும் பட்டியலையும் உடனே கற்றுக்கொள்ளும். தூய்மைப்படுத்திய பின்னும் விலான்கள் தோன்றுகின்றன என்ற குழப்பத்துக்கு இது ஒரு காரணம். கன்சோல் கம்பி வழியாக மட்டும் பணியாற்றுவது முறை. கன்சோலின் இயல்பு வேகம் 9600. 8 தரவு பிட்கள், 1 நிறுத்த பிட், சமநிலை பிட் இல்லை.

பழைய அமைவு பின்னர் தேவைப்படலாம் என்றால் படி எடுத்துக்கொள்ளவேண்டும். சேவையகப் பயன்முறையில் தொடக்க அமைவின் படியில் விலான் பட்டியல் இருக்காது. ஆகவே 'ஷோ விலான்' கட்டளையின் வெளியீட்டையும் உரையாகச் சேமித்து வைப்பது நல்லது.

படிகள்

1. 'எனேபிள்' கட்டளை தந்து சிறப்புரிமை நிலைக்குச் செல்லவேண்டும்.

2. 'ஷோ ஃபிளாஷ்' கட்டளை தந்து விலான்.டாட் கோப்பு உள்ளதா என்று பார்க்கவேண்டும். இயல்பு நிலையிலிருந்து எந்த மாற்றமும் செய்யப்படாத சுவிட்ச்சில் இக்கோப்பு இல்லாமலும் இருக்கலாம்.

3. 'டெலீட் விலான்.டாட்' என்று கட்டளை தரவேண்டும். கோப்பின் பெயரை உறுதிசெய்யும்படி கேட்கும். எதையும் தட்டாமல் என்டர் விசையை அழுத்தவேண்டும். மறுபடியும் உறுதி கேட்கும், மீண்டும் என்டர்.

4. 'எரேஸ் ஸ்டார்ட்அப்-கான்ஃபிக்' என்று கட்டளை தந்து உறுதிசெய்யவேண்டும்.

5. 'ரீலோடு' கட்டளை தரவேண்டும். நடப்பு அமைவு மாறியுள்ளது, சேமிக்கவா என்று கேட்டால் 'நோ' என்று பதிலளிக்கவேண்டும்.

6. சுவிட்ச் மீண்டும் தொடங்கியபின் தோன்றும் முதல்முறை அமைவு உரையாடலுக்கும் 'நோ' என்று பதிலளிக்கவேண்டும்.

மூன்றாம், நான்காம் படிகளின் வரிசை மாறினாலும் பாதகமில்லை. இரண்டும் முடிந்தபின்னரே மறுதொடக்கம் செய்யவேண்டும்.

வழக்கமாக நேரும் பிழைகள்

மூன்றாம் படியில் கோப்பின் பெயரைக் கேட்கும்போது 'ஒய்' எழுத்தைத் தட்டிவிடுவது மிகப் பரவலான பிழை. சுவிட்ச் அதை 'ஆம்' என்று எடுத்துக்கொள்ளாது. அந்தப் பெயரில் ஒரு கோப்பை அழிக்கச் சொல்வதாகப் புரிந்துகொள்ளும். அப்படி ஒரு கோப்பு இல்லை என்ற பிழைச்செய்தி வரும். செய்தியைப் படிக்காமல் அடுத்த படிக்குச் சென்றால் விலான்.டாட் அழியாமலே இருக்கும்.

'எரேஸ் ஃபிளாஷ்' என்று தட்டுவது இதைவிடப் பெரிய பிழை. ஐஓஎஸ் எனப்படும் சுவிட்ச்சின் இயங்குதளமும் ஃபிளாஷ் நினைவகத்தில்தான் உள்ளது. ஃபிளாஷ் முழுவதையும் அழித்தால் சுவிட்ச் மறுமுறை தொடங்காது. இயங்குதளத்தைக் கன்சோல் வழியாக மீண்டும் ஏற்றவேண்டியிருக்கும். அது நெடுநேரம் பிடிக்கும். நீக்கவேண்டியது ஒரு கோப்பு மட்டுமே என்பதை மறக்கலாகாது.

ஐந்தாம் படியில் சேமிக்கவா என்ற கேள்விக்கு 'எஸ்' என்று பதிலளித்தால், நினைவகத்தில் இன்னும் இருக்கும் பழைய அமைவு மீண்டும் என்விராமில் எழுதப்பட்டுவிடும். அழித்த வேலை வீணாகும்.

விலான்.டாட் கோப்பை அழித்த உடனே 'ஷோ விலான்' தந்தால் பழைய விலான்கள் அப்படியே தெரியும். கோப்பு போய்விட்டாலும் முதன்மை நினைவகத்தில் பட்டியல் இருப்பதே காரணம். மறுதொடக்கத்துக்குப் பின்னரே மாற்றம் தெரியும். இதற்கிடையில் விலான் எதையும் சேர்க்கவோ நீக்கவோ கூடாது. செய்தால் கோப்பு மீண்டும் எழுதப்பட்டுவிடும்.

விலான்களை ஒவ்வொன்றாக 'நோ விலான்' கட்டளையால் நீக்குவதை மாற்றுவழியாகச் சிலர் கையாள்கின்றனர். இது ஆபத்தானது. பட்டியல் சுருங்கும், ஆனால் சேவையகப் பயன்முறையில் ஒவ்வொரு நீக்கத்துக்கும் திருத்த எண் ஏறிக்கொண்டே போகும். இறுதியில் கிடைப்பது உயர்ந்த எண்ணும் வெற்றுப் பட்டியலும் கொண்ட சுவிட்ச். பிணையத்துக்கு இதைவிடக் கேடு தரும் சேர்க்கை வேறு இல்லை.

கடவுச்சொல் தெரியாதபோது

பழைய சுவிட்ச்சின் கடவுச்சொல் கிடைக்காவிட்டால் மேற்கண்ட படிகளைச் செய்ய இயலாது. அப்போது மின்னிணைப்பைத் துண்டித்து, முகப்பிலுள்ள 'மோடு' பொத்தானை அழுத்தியபடி மீண்டும் மின்னிணைப்புத் தரவேண்டும். சுவிட்ச் இயங்குதளத்தை ஏற்றாமல் தொடக்க ஏற்றி நிலையில் நிற்கும். அங்கே 'ஃபிளாஷ்_இனிட்' கட்டளையால் ஃபிளாஷ் நினைவகத்தை ஆயத்தம் செய்து, கான்ஃபிக்.டெக்ஸ்ட், விலான்.டாட் ஆகிய இரண்டு கோப்புகளையும் 'டெலீட்' கட்டளையால் நீக்கி, 'பூட்' என்று தந்தால் தூய்மையான சுவிட்ச் கிடைக்கும். கடவுச்சொல் மீட்பு விளக்கங்களில் கான்ஃபிக்.டெக்ஸ்ட் கோப்பின் பெயரை மாற்றுவது மட்டுமே பெரும்பாலும் சொல்லப்படும். அங்கே நோக்கம் பழைய அமைவைக் காப்பாற்றுவது. மீளமைப்புக்கு அது போதாது.

சரிபார்த்தல்

மறுதொடக்கத்துக்குப் பின் மூன்று கட்டளைகளால் முடிவை உறுதிசெய்யலாம்.

- 'ஷோ விலான் பிரீஃப்': 1, 1002, 1003, 1004, 1005 ஆகியவை மட்டும் தெரியவேண்டும். எல்லாப் போர்ட்களும் விலான் 1இல் இருக்கவேண்டும்.
- 'ஷோ விடிபி ஸ்டேட்டஸ்': திருத்த எண் 0, விலான்களின் எண்ணிக்கை 5, களப்பெயர் வெற்று என்று இருக்கவேண்டும்.
- 'ஷோ ஸ்டார்ட்அப்-கான்ஃபிக்': தொடக்க அமைவு இல்லை என்ற செய்தி வரவேண்டும்.

இவற்றுள் இரண்டாவதே முதன்மையானது. பட்டியலில் ஐந்து விலான்கள் மட்டும் இருந்தாலும், திருத்த எண் 0 ஆக இல்லாவிட்டால் அந்தச் சுவிட்ச்சைப் பிணையத்தில் இணைக்கக் கூடாது.

திருத்த எண்ணை மட்டும் 0 ஆக்குதல்

மற்ற அமைவுகளை அழிக்காமல் திருத்த எண்ணை மட்டும் 0 ஆக்கவேண்டிய தேவையும் எழுவதுண்டு. இதற்கு இரண்டு வழிகள் உள்ளன. விடிபி பயன்முறையை டிரான்ஸ்பரன்ட்டுக்கு மாற்றி, பின் தேவையான பயன்முறைக்குத் திருப்பலாம். அல்லது களப்பெயரை வேறொன்றாக மாற்றி, பின் பழைய பெயருக்குத் திருப்பலாம். இரண்டிலும் எண் 0 ஆகும். மறுதொடக்கம் செய்வதால் மட்டும் எண் மாறாது, அது விலான்.டாட் கோப்பில் சேமிக்கப்பட்டுள்ளது.

மாதிரிகளிடையே வேறுபாடுகள்

கேட்டலிஸ்ட் 4500, 6500 போன்ற பெரிய சட்டகச் சுவிட்ச்களில் விலான்.டாட் கோப்பு வழக்கமான ஃபிளாஷில் இல்லாமல் வேறு பெயருள்ள நினைவகப் பகுதியில் இருக்கும். கோப்பின் இடத்தை முதலில் கண்டறிந்து, அந்தப் பகுதியின் பெயருடன் சேர்த்து அழிக்கும் கட்டளையைத் தரவேண்டும்.

3750 போன்றவற்றில் பல சுவிட்ச்களை ஒன்றாக அடுக்கி ஒரே சுவிட்ச்சாக இயக்கலாம். அடுக்கிலிருந்து எடுத்த சுவிட்ச்சை அடுக்குக் கம்பிகளைக் கழற்றித் தனியாக வைத்தே தூய்மைப்படுத்தவேண்டும். அடுக்கில் அதற்குத் தரப்பட்ட உறுப்பு எண், தொடக்க அமைவையும் விலான்.டாட் கோப்பையும் அழித்தாலும் மாறாது. தனிச் சுவிட்ச் ஒன்றில் போர்ட் எண்கள் 1க்குப் பதிலாக 2 என்றோ 3 என்றோ தொடங்கினால் அதற்கு இதுவே காரணம். மறுஎண் தரும் கட்டளையால் இதைச் சரிசெய்யலாம்.

புதிய கேட்டலிஸ்ட் 9000 வரிசையில் 'ஃபேக்டரி-ரீசெட்' என்ற கட்டளை உள்ளது. இதன் 'ஆல்' விருப்பம் அமைவுகளுடன் இயங்குதளக் கோப்புகளையும் அழித்துவிடும் என்பதால், மீண்டும் ஏற்றுவதற்கான கோப்பு கையில் இருக்கும்போது மட்டுமே பயன்படுத்தவேண்டும்.

பிற நிறுவனங்களின் சுவிட்ச்கள் பலவற்றில் இச்சிக்கல் எழுவதில்லை. எச்பி புரோகர்வ், ஜூனிப்பர் இஎக்ஸ் ஆகியவற்றில் விலான்கள் பொது அமைவின் பகுதியாகவே சேமிக்கப்படுவதால், அமைவை இயல்புநிலைக்கு மாற்றும்போது விலான்களும் சேர்ந்தே நீங்கும். அத்தகைய சுவிட்ச்களில் பழகியவர்கள் கேட்டலிஸ்ட்டுக்கு வரும்போது இரண்டாவது கோப்பை மறந்துவிடுவதுண்டு.

நீட்டிப்பு வரம்பு விலான்களைப் பொறுத்தவரை, விடிபியின் முதல் இரண்டு பதிப்புகளில் அவை விலான்.டாட் கோப்பில் இடம்பெறாமல் அமைவுக் கோப்பில் மட்டுமே இருக்கும். தொடக்க அமைவை அழித்தாலே அவை நீங்கிவிடும்.

விபத்துக்குப் பின் மீட்டல்

பழைய சுவிட்ச் இணைக்கப்பட்டு விலான்கள் அழிந்துவிட்டால், முதலில் அந்தச் சுவிட்ச்சைக் கழற்றவேண்டும். ஆனால் கழற்றுவதால் மட்டும் நிலைமை சீராகாது. தவறான பட்டியல் உயர்ந்த எண்ணுடன் எல்லாச் சுவிட்ச்களிலும் ஏற்கெனவே பதிந்துவிட்டது.

முன்பு எடுத்துவைத்த விலான்.டாட் படியை ஒரு சுவிட்ச்சில் மட்டும் திரும்ப வைப்பதும் பலன் தருவதில்லை. மேற்கண்ட எடுத்துக்காட்டில் அந்தப் படியின் எண் 42. சுற்றியுள்ளவற்றின் எண் 97. இணைந்த உடனே அது மீண்டும் மேலெழுதப்படும்.

சேவையகப் பயன்முறையில் உள்ள ஒரு சுவிட்ச்சில் பழைய விலான்களை அதே எண்களுடன் மீண்டும் உருவாக்குவதே விரைவான வழி. ஒவ்வோர் உருவாக்கத்துக்கும் எண் 98, 99 என்று ஏறி, சரியான பட்டியல் மற்றவற்றுக்குப் பரவும். எந்தப் போர்ட் எந்த விலானைச் சேர்ந்தது என்ற விவரம் ஒவ்வொரு சுவிட்ச்சின் அமைவிலும் அழியாமல் இருப்பதால், விலான் திரும்ப வந்ததும் போர்ட்கள் தாமாகவே இயங்கத் தொடங்கும். விலான் எண்களின் பட்டியலைப் பிணையத்துக்கு வெளியே, இயன்றால் தாளில் அச்சிட்டு வைத்திருப்பதன் பயன் இந்த நேரத்தில் தெரியும்.

தடுப்பு நடவடிக்கைகள்

விலான்கள் அடிக்கடி மாறாத சிறிய பிணையங்களில் எல்லாச் சுவிட்ச்களையும் டிரான்ஸ்பரன்ட் பயன்முறையில் வைத்துவிடுவது எளிய தடுப்பு. விடிபி தேவைப்படும் இடங்களில் மூன்றாம் பதிப்பைப் பயன்படுத்தலாம். அதில் முதன்மைச் சேவையகம் என்று வெளிப்படையாக அறிவிக்கப்பட்ட சுவிட்ச் மட்டுமே பட்டியலை மாற்ற முடியும். புதிதாக இணையும் சுவிட்ச் உயர்ந்த எண்ணுடன் வந்தாலும் மற்றவற்றின் பட்டியலை மேலெழுத முடியாது. டிரங்க் தேவைப்படாத போர்ட்களை அணுகல் போர்ட்களாக நிலையாக அமைத்து, தானாக டிரங்க் உருவாகும் வசதியை நிறுத்திவைப்பதும் பாதுகாப்பு தரும்.

சுவிட்ச்சை விற்கும்போதோ வேறொருவருக்குக் கொடுக்கும்போதோ விலான்.டாட் கோப்பை அழிப்பதற்கு மற்றொரு காரணமும் உண்டு. விலான்களின் பெயர்கள் நிறுவனத்தின் பிரிவுகளையும் பிணைய அமைப்பையும் வெளிப்படுத்துகின்றன. விடிபி கடவுச்சொல்லும் அக்கோப்பில் உள்ளது. முதல் இரண்டு பதிப்புகளில் 'ஷோ விடிபி பாஸ்வேர்டு' என்ற ஒரே கட்டளையால் அதைப் படித்துவிடலாம். தொடக்க அமைவை மட்டும் அழித்து விற்கப்படும் சுவிட்ச், பழைய உரிமையாளரின் களப்பெயரையும் கடவுச்சொல்லையும் புதிய உரிமையாளரிடம் சேர்த்தே ஒப்படைக்கிறது.

கிடங்கில் வைக்கும்போதே தூய்மைப்படுத்தி, திருத்த எண் 0 என்று சரிபார்த்த நாளைச் சுவிட்ச்சின் மேல் ஒட்டிவைக்கும் வழக்கம் பயனுள்ளது. பழுதான சுவிட்ச்சுக்கு மாற்று தேடும் அவசர நேரத்தில் இப்படிகள் விடுபட வாய்ப்பு மிகுதி என்பதால், அவற்றை அவசரம் இல்லாத நேரத்தில் முடித்து வைப்பதே பாதுகாப்பானது.